வேம்புலி பேரில் ஒரு வேலை

தமிழ்நாடுதான் உன் சொந்த ஊர் என்று நாகேந்திரனிடம் முதன்முதலில் சொன்னவர்கள் பர்மாக்காரர்கள். அதுவரை அவனுக்கு அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லை. ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்செயினில் பிறந்தவன். அவன் அப்பா எந்தச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தார் என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது. ஒரு நாள் சிவகங்கைப் பக்கம் என்பார், மறுநாள் தேவகோட்டை என்பார். அங்கேயே மண்ணாகியும் போனார். மகன் ஓர் அரிசி ஆலையின் பட்டறையில் லேத் மிஷின் பிடித்து, பார்வதத்தைக் கல்யாணம் செய்து, புஷ்பாவும் பிறந்து, பிழைப்பு ஒரு கரைக்கு வந்த நேரத்தில் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. ஆலை சர்க்காருடையது ஆயிற்று. கடை கண்ணிகள் சர்க்காருடையவை ஆயின. இந்தியர்கள் இந்தியாவுக்குப் போகலாம் என்றார்கள்.

அறுபத்தைந்தில் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினபோது அவர்களிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டியும், கைக்குழந்தையும், முகாமுக்குப் போக ஒரு சீட்டும்தான். செங்குன்றம் பக்கத்தில் முகாம். மழை பெய்தால் ஒழுகும், வெயிலடித்தால் வேகும். ஆனால் அம்பத்தூரில் பெரிய எஸ்டேட் வருகிறது, தினம் ஒரு கம்பெனி திறக்கிறார்கள், கை வேலை தெரிந்தவனுக்கு அங்கே குறையில்லை என்று முகாமில் எல்லாரும் சொன்னார்கள். நாகேந்திரன் விடிந்ததும் நடக்க ஆரம்பிப்பான். கள்ளிக்குப்பம் வழியாக வந்தால் எஸ்டேட்.

ஒவ்வொரு கேட்டிலும் அதே கேள்விகள். எஸ்.எஸ்.எல்.சி. உண்டா? எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்த கார்டு உண்டா? எந்த ஊர்? கடைசிக் கேள்விக்குத்தான் அவன் அதிகமாகத் திணறினான். இன்செயின் என்றால் அது எந்த தாலுகா என்று கேட்டார்கள். இவன் பேசுகிற தமிழைக் கேட்டு வாட்ச்மேன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பட்டறையில் வேலை பார்த்ததற்கு முதலாளி கொடுத்த சான்றிதழ் பர்மிய எழுத்தில் இருந்தது. ஒரு குமாஸ்தா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி கீதேப்பா" என்று திருப்பிக் கொடுத்தான்.

லேத் பிடித்த கை கடைசியில் கடப்பாரை பிடித்தது. மண்ணூர்பேட்டை ஓரமாக ஒரு பம்பு கம்பெனி கட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்திவாரம் தோண்டும் கூலி வேலை. அங்கேதான் துலுக்கானம் பழக்கமானார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பக்கத்துப் பள்ளத்தில் அவரும் மண் வாரிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் மண்மேட்டின் மேல் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது, காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"இதோ நீ குந்திகினு கீறியே, இங்கதான் என் கிணறு இருந்துச்சி. அதோ அந்த மிஷின் நிக்குதே, அங்க நெல்லு. என் நெலத்தைத் தோண்ட என்னையே கூலிக்குக் கூப்புட்டானுங்க. நானும் வந்துகினு கீறேன்."

நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஓர் ஆளுக்கு நிரந்தர வேலை என்று கம்பெனி சொல்லியிருந்தது. துலுக்கானத்துக்கு வயது கடந்துவிட்டது. அவருக்கு ஒரே மகன், வேம்புலி. நிலம் போகிற சமயத்தில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர் பாடியில் பம்பாய் லாரி ஒன்றில் கிளீனராக ஏறிப் போனவன். போனவன் போனவன்தான். உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது.

கட்டடம் எழும்பி மிஷின்கள் வந்து இறங்கின. பையனை அழைத்து வந்து சேர்த்துவிடு, இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கம்பெனியிலிருந்து துலுக்கானத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் முகாமுக்கு வந்தார். கூடவே அவர் மனைவி குப்பம்மாவும் வந்திருந்தாள். குடிசைக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நீ எம் புள்ள பேர்ல பூடு அண்ணாத்தே. வயசும் உன் வயசுதான். அவனை அங்க ஆருக்கும் அடையாளம் தெரியாது. நான் இட்டுகினு போயி, இவன்தான் எம் மவன்னு சொல்லிர்றேன்."

"அது தப்பில்லையா?" என்றான் நாகேந்திரன்.

"பேரு இன்னா துன்னுமா, தண்ணி குடிக்குமா? சும்மா கெடக்குது. நீ எங்க ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்து, போதும். அவன் என்னிக்காச்சும் வந்தான்னா அப்பால பாத்துக்கலாம்."

குப்பம்மா நாகேந்திரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனின் சாயல் இருக்கிறதா என்று தேடியிருப்பாள்.

அவர்கள் போன பிறகு பார்வதம் கேட்டாள்: "உங்க அப்பா வச்ச பேரைக் குடுத்துட்டு வேலை வாங்கப் போறீங்களா?"

"எம் பேருக்கு இந்த ஊர்ல ஒரு வாய் சோறு விழலையே பார்வதம்" என்றான் நாகேந்திரன். புஷ்பா அழுதுகொண்டிருந்தாள்.

இப்படித்தான் நாகேந்திரன் வேம்புலி ஆனான். துலுக்கானம் வீட்டை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி, மண்ணூர்பேட்டைக்கே குடி வந்தார்கள். கம்பெனியில் முதலில் துடைப்பமும் எண்ணெய்க் குவளையும் கொடுத்தார்கள். சார்ஜ்மேன் ஜேம்ஸ் தூரத்திலிருந்து "வேம்புலி!" என்று கத்துவார். இவன் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருப்பான். "உனக்குக் காது செவுடா?" என்று அவர் கிட்டே வந்து தோளைத் தட்டின பிறகுதான் உறைக்கும். ஜேம்ஸ் கொஞ்ச நாள் அவனைச் செவிடன் என்றே நினைத்திருந்தார். பிறகு லேத்துக்கு மாற்றினார்கள். வருஷம் போகப் போக, சைக்கிளில் வரும்போது யாராவது பின்னாலிருந்து வேம்புலி என்று கூப்பிட்டால் தானாகவே கால் பெடலை நிறுத்தியது. அப்படி முதல்முறை நின்ற அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. முணுமுணுப்பு மட்டும் இருந்தது. "மண்ணு நம்புள்து, சோறு பர்மாக்காரனுக்கா?" என்று டீக்கடையில் பேசுவார்கள். துலுக்கானம் விடமாட்டார். "எம் மண்ணு, எம் புள்ள பேரு. உனுக்கு இன்னா வலிக்குது?" என்பார். கம்பெனி வாசலில் நின்று நின்று வேலை கிடைக்காமல் போன உள்ளூர்ப் பையன்கள் அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் எழுந்து போவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று நாகேந்திரனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

குப்பம்மா வெகு நாள் வரை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பார்வதத்தைக் கூப்பிட்டு, "உன் ஊட்டுக்காரரு வந்தாச்சா?" என்று கேட்பதோடு சரி. புஷ்பாவுக்கு அம்மை போட்ட கோடையில் அது மாறியது. குப்பம்மா வேப்பிலையை வைத்துக்கொண்டு குழந்தையின் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்று, வேலை முடிந்து வந்த நாகேந்திரனிடம், "கொயந்த பொழச்சிக்கிச்சி நைனா" என்றாள். அதிலிருந்து அவன் அவளுக்கு நைனாதான். அவனும் அம்மா என்றே கூப்பிட்டான். அவனைப் பெற்றவள் இன்செயினில் காலராவில் போனபோது அவனுக்கு அம்மா என்று கூப்பிடவே சரியாக வாய் வந்திருக்கவில்லை.

எழுபதில், மார்கழி மாதம், துலுக்கானம் மாரை அடைக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கொள்ளி வைப்பது யார் என்று கேள்வி வந்தது. பங்காளி முறையில் ஒருவர் முன்வந்தார். குப்பம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இத்தினி வருசமா கஞ்சி ஊத்தினவன் இங்கதான கீறான். அவனைக் கூப்டுங்க" என்றாள். நாகேந்திரன் தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்கினான். கம்பெனியில், தகப்பன் சாவு என்று லீவு கொடுத்தார்கள். மொட்டைத் தலையோடு மறுபடி மிஷினுக்குப் போன அன்று ஜேம்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா நல்ல மனுஷன்யா" என்றார். நாகேந்திரனுக்கு அடக்க முடியவில்லை. லேத்தின் மேலேயே சாய்ந்து அழுதான். அந்த அழுகையில் இன்செயினில் கிடக்கிறவருக்கும் பங்கு இருந்தது.

வேம்புலி வந்தது அதற்குப் பிறகு நாலு வருஷம் கழித்து. கரண்ட் வெட்டு கடுமையாக இருந்த காலம். எஸ்டேட்டில் பாதிக் கம்பெனிகள் பாதி நாள் ஓடவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உச்சிப்பொழுதில் ஒல்லியாக ஓர் ஆள் வந்து வாசலில் நின்றான். பார்வதம் யாரென்று கேட்பதற்குள் உள்ளேயிருந்து குப்பம்மா, "ஐயோ, எம் புள்ள" என்று ஓடி வந்து, கால் தடுக்கி, அவன் மேலேயே விழுந்தாள்.

சாயங்காலம் நாகேந்திரன் சைக்கிளை நிறுத்தும்போது அந்த ஆள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கி ஒட்டிப் போயிருந்தன. எழுந்து நின்று இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நீதான் நானா அண்ணாத்தே?"

நாகேந்திரனும் சிரித்தான்.

கெட்டவன் இல்லை வேம்புலி. சாப்பிட்டுவிட்டுப் பம்பாய்க் கதை சொன்னான். துறைமுகத்தில் மூட்டை இறக்கினானாம். "அங்க எங்களுக்கு மதராசின்னு பேரு. எங்க ஊர்க்காரன் வேலையப் புடுங்க வந்தியான்னு குடிசையக் கொளுத்தினானுங்க. அப்பவும் போவாம அங்கயே கெடந்தேன். விரல் போன பின்னால ஒரு வேலைக்கும் கூப்டல. இன்னா பண்றது, ஊட்டுக்கு வந்துட்டேன்." அதைக் கேட்கும்போது நாகேந்திரனுக்கு உடம்பு கூசியது. இவன் கதையும் தன் கதையும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு வித்தியாசம், திரும்பி வர இவனுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலும் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான்.

வேலையை அவனுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இத்தனை வருஷம் பார்த்த முகத்தைக் கம்பெனியில் எப்படி மாற்றுவது? ஜேம்ஸிடம் போய், சொந்தக்காரப் பையன் என்று சொல்லி ஹெல்ப்பர் வேலை கேட்டான். இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம், நீ வேறு என்றார் ஜேம்ஸ். வேம்புலி ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினான். கையைப் பார்த்ததுமே போகச் சொன்னார்கள். நாலைந்து வாரம் இப்படியே போயிற்று. வீட்டில் பேச்சுக் குறைந்தது.

அப்பனுக்குக் கொள்ளி வைத்தது யாரென்று வேம்புலியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பங்காளி வைத்தார் என்று குப்பம்மா மழுப்பியிருந்தாள். ஒரு நாள் டீக்கடையில் யாரோ பேச்சுவாக்கில் உடைத்துவிட்டார்கள். வேம்புலி நேராக வீட்டுக்கு வந்தான். நாகேந்திரன் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"வேலைய எடுத்துக்கினே. பரவால்ல, நான் இல்ல, நீ இருந்தே. எங்க அம்மாவுக்குக் கஞ்சி ஊத்தினே, உன்னைக் கும்புடணும். ஆனா எங்க நைனாவுக்குக் கொள்ளி வெச்சியே, அத்த எப்பிடி அண்ணாத்தே எனுக்குத் திருப்பித் தருவே?"

குப்பம்மா குறுக்கே வந்து, "நான்தாண்டா வெக்கச் சொன்னேன்" என்று கத்தினாள். வேம்புலி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்குகிற நேரத்தில் கம்பெனி கேட்டில் நின்று, "உள்ள கீறவன் வேம்புலி இல்ல, நான்தான் வேம்புலி" என்று கூவினான். வாட்ச்மேன் தள்ளியும் போகவில்லை. ஆபீசுக்குத் தகவல் போயிற்று. விசாரிக்க வேண்டும், அம்மாவை அழைத்து வாருங்கள் என்று ஆபீசர் சொன்னார்.

குப்பம்மா வழவழப்பான தரையில் வெறுங்காலோடு, வழுக்கிவிடுமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தன் வயல் இருந்த இடத்துக்கு மேல்தான் அந்த அறை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஒரு பக்கம் நாகேந்திரன் காக்கி உடுப்பில் நின்றான். இன்னொரு பக்கம் வேம்புலி. அவள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது, நாமே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நாகேந்திரன் விடிந்ததிலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். என் பேர் நாகேந்திரன் என்று சொன்னால் போதும். அந்தப் பேர் நாக்கு நுனி வரை வந்தது. பள்ளிக்கூடச் சீருடையில் புஷ்பா நின்றது கண்ணில் வந்தது. முகாமின் ஒழுகுகிற கூரை வந்தது. பேர் அங்கேயே நின்றுவிட்டது.

"இவங்க ரெண்டு பேர்ல யாரும்மா உன் பையன்?" என்றார் ஆபீசர்.

குப்பம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. கையை நீட்டி நாகேந்திரனைக் காட்டினாள்.

"இவன்தான் சாமி."

"அப்ப இவர்?"

"ஆரோ. எனுக்குத் தெரியல."

வேம்புலி கத்தவில்லை. ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு குழந்தை தூக்கத்தில் நடப்பதுபோல வெளியே நடந்தான். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. குப்பம்மா வீடு திரும்பும்போது அந்தச் செருப்பு ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று நாகேந்திரன் பார்வதத்திடம் சொன்னான். அந்தப் பேர் வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னவள் அவள்தான். இப்போது அவளே தடுத்தாள்.

"விட்டா அவரு திரும்பி வந்துருவாரா? பெத்த பிள்ளையைக் குடுத்து அந்தம்மா வாங்கின வேலைங்க இது. இதையும் தூக்கிப் போட்டுட்டீங்கன்னா அவங்களுக்கு என்ன மிச்சம்?"

வேலை நிலைத்தது. அன்று சாயங்காலம் குப்பம்மா வாசலில் நின்று நாகேந்திரனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "வேம்புலி, சோறு துன்ன வா" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவள் நைனா என்று சொல்லவே இல்லை.

அந்தக் காலத்தில்தான் சிலோன் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து கம்பெனி கேட்டுகளில் நிற்கத் தொடங்கினார்கள். கையில் ஏதோ காகிதம், பக்கத்தில் குழந்தையோடு பெண்சாதி. எந்த ஊர் என்று வாட்ச்மேன்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேம்புலியைத் தேடினான். பாடி லாரி ஷெட்டுகளிலும், பூந்தமல்லி மார்க்கெட்டிலும், வானகரம் ரோட்டோர ஓட்டல்களிலும் விசாரித்தான். விரல் நசுங்கின ஆள் என்று அடையாளம் சொன்னான். கடைசியில் ஒரு லாரி டிரைவர், குத்தம்பாக்கம் பக்கத்துச் செங்கல் சூளையில் அப்படி ஒருத்தன் மண் மிதிக்கிறான் என்றார். நாகேந்திரன் வீட்டில் வந்து சொன்னான். குப்பம்மா அடுத்த ஞாயிறு விடியற்காலையிலேயே கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு நின்றாள்.

சூளையில் வேம்புலி முழங்கால் வரை சேற்றில் நின்றிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினான். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, வேலமர நிழலில் உட்கார்ந்து, அவள் போட்டதைச் சாப்பிட்டான். நாகேந்திரன் தள்ளியே நின்றான்.

"ஊட்டுக் கிணத்துல தண்ணி கீதா?" என்று கேட்டான் வேம்புலி.

"கீது. குழாயும் போட்டுகினு கீறாங்க" என்றாள் குப்பம்மா.

"கால் நோவு?"

"அது பாட்டுக்குக் கீது."

அவ்வளவுதான் பேச்சு. ஊட்டுக்கு வாடா என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்? கிளம்பும்போது துணியில் சுற்றிக் கொண்டுவந்த செருப்பை அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நாகேந்திரனைப் பார்த்து, "பாத்து இட்டுகினு போ அண்ணாத்தே, பஸ்ஸுல கும்பலா இருக்கும்" என்று மட்டும் சொன்னான்.

அப்படி இரண்டு மூன்று தடவை போனார்கள். ஆடி கழிந்தது, ஆவணியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மழை சற்று விட்ட ஒரு ஞாயிறன்று போய் இறங்கினால், சூளை நெருப்பில்லாமல் கிடந்தது. மண் தோண்டின பள்ளமெல்லாம் தண்ணீர். குடிசைகளின் கீற்றைக்கூடப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். காவலுக்கு ஒரு பெண்பிள்ளை மட்டும் இருந்தாள்.

"மழைக்கு வேலை ஏது? எல்லாரும் பூட்டாங்க. சில பேரு பெங்களூரு, சில பேரு ஆந்திராப் பக்கம்" என்றாள்.

"வேம்புலின்னு ஒத்தன்" என்றாள் குப்பம்மா.

"பேரெல்லாம் ஆரு ஆயா கேட்டாங்க? வந்தாங்க, மிதிச்சாங்க, பூட்டாங்க."

"கையில விரலு நசுங்கியிருக்கும்."

அந்தப் பெண் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

திரும்பி வந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். வெகு நேரம் பஸ் வரவில்லை. குப்பம்மா கீழே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். மூடியில் சோற்றைப் போட்டு நாகேந்திரனிடம் நீட்டினாள்.

"துன்னு. ஆறிப் பூடும்."

"நீங்க சாப்பிடுங்கம்மா."

"அவன் பசி தாங்க மாட்டான்" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "சின்னப் புள்ளையிலிருந்தே அப்பிடித்தான்."

நாகேந்திரன் மூடியை வாங்கிக்கொண்டான். அவள் இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காக ஒவ்வொரு வாயாகத் தின்றான். பூந்தமல்லிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. அவன் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.